ஆற்றங்கரை நகரத்தின் உருவாக்கத்தைத் தேட எந்தப் பழைய வரைபடத்தில் தொடங்குவது?

ஆற்றங்கரை நகரம் ஒன்று எப்படி உருவானது என்று பழைய வரைபடங்களின் வழியாகத் தேட முனைந்தவர்கள் முன்பெல்லாம் வரைபடம் கிடைக்காமல் திணறினார்கள். இப்போது கிடைப்பவற்றுள் எதை எடுப்பது என்று தெரியாமல் திணறுகிறார்கள். பெரிய நூலகங்கள் தம் தொகுப்புகளை மின்வருடி இணையத்தில் வைத்துவிட்டதால், ஒரே நகரத்தின் பறவைப் பார்வைப் படமும் கோட்டைப் படமும் நிலவரிப் படமும் மாலுமிகளுக்கான ஆற்றுப் படமும் ஒரே மாலைப் பொழுதில் கணினித் திரைக்கு வந்து சேர்கின்றன. ஆனால் ஒரு வகையை ஊன்றிப் படித்து, அதன் குறிகளையும் அலகுகளையும் பழகி, இன்றைய நிலத்தோடு பொருத்தி முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால், தவறான வகையில் தொடங்குகிறவர் தம் கேள்விக்கு விடை கிடைக்காததோடு, கிடைத்த தவறான விடையை நம்பிவிடவும் கூடும்.

## தேர்வுக்கு முன் கேட்க வேண்டியவை

வரைந்தவர் எந்தக் கோட்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார் என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி. நிலவரி அளவையாளர் ஒரு மனையின் எல்லையைப் பிசகாகப் போட்டால் வழக்கு வரும். ஆற்றின் நடுவே இருக்கும் மணல்திட்டைப் பிசகாகப் போட்டால் எவரும் கேட்கப்போவதில்லை. மாலுமிகளுக்கு வரைந்தவரின் நிலை இதற்கு நேர்மாறு: மணல்திட்டு பிசகினால் கப்பல் தரைதட்டும், கரைக்குப் பின்னால் இருக்கும் தெருக்களை அவர் ஒப்புக்கு வரைந்துவைத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. பாடுபட்டு அளந்த கோடும் வெற்றிடத்தை நிரப்ப இழுத்த கோடும் ஒரே தாளில் ஒரே மையில் கிடப்பதால், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இரண்டாவது கேள்வி ஆண்டைப் பற்றியது. ரால்ஃப் அகாஸ் பெயரால் வழங்கும் லண்டன் மரச்செதுக்குப் படம் 1561ஆம் ஆண்டளவில் முதலில் அச்சானது. ஆனால் இன்று எஞ்சியிருப்பவை 1633இல் திருத்தி அச்சிட்ட படிகள். ஆகவே 1571இல் திறக்கப்பட்ட ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் அதில் இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை, அதன் அருகே இருக்கும் வீடுகளும் அதே காலத்தவை என்று முடிவுகட்டவும் கூடாது. அளந்த ஆண்டு, செதுக்கிய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, திருத்திய ஆண்டு ஆகிய நான்கும் ஒரே தாளில் வேறு வேறாக இருக்கலாம்.

மூன்றாவது அளவை, அதாவது நிலத்தை எத்தனை மடங்கு சுருக்கித் தாளில் வரைந்திருக்கிறார்கள் என்பது. 1:50,000 அளவையில் தாளில் உள்ள ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் 50 மீட்டர். பேனாக் கோட்டின் தடிமனுக்குள்ளேயே ஒரு தெருவும் அதன் இருபுற வீடுகளும் மறைந்துவிடும். 1:2,500இல் அதே மில்லிமீட்டர் இரண்டரை மீட்டர்தான். நான்காவது, ஆற்றங்கரைக்கே உரியது: நீரின் விளிம்பாக வரைந்த கோடு எந்த நீர்மட்டத்துக்கு உரியது? கோடையில் அளந்த ஆறும் வெள்ளக்காலத்தில் அளந்த ஆறும் ஒன்றல்ல. கடல் ஓதம் ஏறும் ஆறுகளில் ஒரே நாளிலேயே இரண்டு கரைகள் உண்டு. இதைக் கேட்காமல் இரு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பவர், பருவ மாற்றத்தை ஆறு இடம்பெயர்ந்ததாகக் கணக்கிட்டுவிடுவார்.

| வகை | வரைந்தவர் பொறுப்பேற்ற கோடு | பெரும்பாலும் ஒப்புக்கு வரைந்தது |
|---|---|---|
| பறவைப் பார்வைப் படம் | பெருங்கட்டடங்களின் முகப்பு | தொலைவு, தெருக்களின் அகலம் |
| அளந்த நகரப் படம் | தெரு, கட்டடத் தொகுதி | நகருக்கு வெளியே உள்ள நிலம் |
| படைத்துறைப் படம் | மதில், அகழி, சாலை, கடவு | குடியிருப்பின் உள்விவரம் |
| நிலவரிப் படம் | மனை, வயல் எல்லை | நீர்ப்பரப்பு |
| இடவிளக்கத் தாள் | உயரம், சாலை, நீரோட்டம் | தனிக் கட்டடங்கள் |
| ஆற்றுப் படம் | ஆழம், மணல்திட்டு, துறை | கரைக்கு அப்பால் உள்ளவை |

## பறவைப் பார்வைப் படங்கள்

பலரும் இவற்றில்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் இவை அழகானவை. பாரிசின் நகர நிர்வாகத் தலைவராக இருந்த மிஷேல் எத்தியேன் துர்கோ 1734இல் பணித்து, லூயி பிரெத்தே வரைந்து, 1739இல் 20 தாள்களாக வெளிவந்த படத்தில் வீடுகளின் சன்னல்களைக்கூட எண்ணலாம். அதில் சேன் ஆற்றின் வலக்கரையை ஒட்டி விறகு அடுக்கும் இடமாக இருந்த லூவியே தீவைக் காணலாம்; இடையில் இருந்த கால்வாய் 1840களில் தூர்க்கப்பட்டுத் தீவு கரையோடு இணைந்துவிட்டதால், இன்றைய பாரிசில் அப்படியொரு தீவு இல்லை. இவ்வாறு ஒன்று இருந்தது என்பதற்கு இத்தகைய படம் நல்ல சாட்சி.

அது எங்கே இருந்தது, எவ்வளவு பெரியது என்பதற்குத்தான் சாட்சி வலுவற்றது. முகப்புகள் தெரிய வேண்டும் என்பதற்காகத் தெருக்கள் அகலமாக்கப்படுவதும், புரவலர் பெருமைப்பட வேண்டும் என்பதற்காக மண்டபங்கள் உயர்வதும், குடிசைகள் மறைவதும் இவ்வகைக்கு இயல்பு. மேல்பக்கம் வடக்காக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. துர்கோவின் படம் தென்கிழக்கை மேலே வைத்திருக்கிறது. இன்றைய நிலத்தோடு பொருத்துவதற்கு இவற்றை எடுத்தால் உழைப்பு வீணாகும். கரையில் எந்த இடத்தில் படித்துறை, எங்கே ஆலை, எங்கே மரக்கிடங்கு என்று பயன்பாட்டைத் தேடுகிறவருக்கு மட்டும் இவை முதல் தேர்வு.

## அளந்து வரைந்த நகரப் படங்கள்

ஜாம்பத்திஸ்தா நோல்லி 1748இல் 12 தாள்களாக வெளியிட்ட ரோம் நகரப் படமும், ஜான் ராக் 1746இல் 24 தாள்களாக வெளியிட்ட லண்டன் படமும் இவ்வகையின் சிறந்த எடுத்துக்காட்டுகள். கொல்கத்தாவுக்கு 1792, 1793 ஆண்டுகளில் அளந்து 1794இல் வெளியான, அப்ஜான் என்பவரின் படம் இதே இடத்தை வகிக்கிறது.

கரைச்சுவருக்கு முந்தைய நகரத்தைத் தேடுகிறவருக்கு இவை பொக்கிஷம். 1870 டிசம்பரில் டைபர் ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பின், 1876 தொடங்கி நெடுங்காலம் எழுப்பப்பட்ட உயர்ந்த கரைச்சுவர்கள் ரோமின் நீர்முகத்தையே மாற்றிவிட்டன. 1704இல் கட்டிய ரிப்பெத்தா துறையின் வளைந்த படிகள் நோல்லியின் படத்தில் இருக்கின்றன, நிலத்தில் இல்லை. லண்டனிலும் இதே கதைதான். 1626இல் தேம்ஸின் விளிம்பில் எழுப்பிய யார்க் நீர்வாயில் இன்று ஆற்றிலிருந்து நூறு மீட்டருக்கும் அப்பால் ஒரு பூங்காவுக்குள் நிற்கிறது. பொறியாளர் ஜோசப் பேசல்கெட் கட்டி 1870இல் திறக்கப்பட்ட விக்டோரியா கரைச்சாலையே ஆற்றை அவ்வளவு தூரம் தள்ளியது. அந்த வாயிலை நேரில் பார்ப்பவர்களுக்கு நீரே இல்லாத இடத்தில் நீர்வாயில் எதற்கு என்ற ஐயம் எழும். 1746ஆம் ஆண்டுப் படத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு எழாது.

இவ்வகையின் மறைமுகச் செலவு, ஒரு நகரத்துக்கு ஒன்றோ இரண்டோ மட்டுமே கிடைக்கும் என்பது. இவை ஒரு கணத்தின் படங்கள். மாற்றத்தைக் காட்ட இன்னொரு படம் வேண்டும், அது பெரும்பாலும் வேறொருவர் வேறொரு முறையில் வரைந்ததாக இருக்கும்.

## படைத்துறை வரைபடங்கள்

நகரத்தின் வளர்ச்சியை விடவும் அதன் தொடக்கத்தை அறிய விரும்புகிறவர்கள் இவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. ஆற்று நகரங்கள் பல, ஆற்றைக் கடக்க முடிந்த இடத்தில் முளைத்தவை. கடவுகளைப் பற்றிப் படைவீரரைப் போல் கவலைப்பட்டவர் எவருமில்லை. ஆஸ்திரிய அரசு 1763 முதல் 1787 வரை நடத்திய முதல் படைத்துறை அளவையில் வரைபடத்தோடு எழுத்துக் குறிப்புகளும் சேர்க்கப்பட்டன. ஆறுகளின் அகலம், ஆழம், எங்கே கடக்கலாம் என்பவையெல்லாம் அவற்றில் உண்டு. வரைபடத்தை மட்டும் பதிவிறக்கிவிட்டுக் குறிப்புகளை விட்டுவிடுபவர் பாதியைத்தான் எடுத்துச் செல்கிறார்.

ஆனால் அந்த அளவைக்கு முழுமையான முக்கோண அளவை (நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து இடங்களைக் கணிக்கும் முறை) அடிப்படையாக இல்லாததால் பக்கத்துத் தாள்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. மேலும், இத்தகைய படங்கள் மறைபொருளாக வைக்கப்பட்டுக் கையெழுத்துப் படிகளாகவே இருந்ததால், அக்கால நகரவாசிகள் அவற்றைப் பார்த்திருக்க மாட்டார்கள். நகரம் தன்னை எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்கு இவற்றை மேற்கோள் காட்ட முடியாது.

## நிலவரி வரைபடங்கள்

ஒரே ஒரு வகையை மட்டுமே எடுக்கலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் எடுப்பது இதைத்தான், ஏனென்றால் தெருக்களும் கட்டடங்களும் அழிந்த பின்னும் மனை எல்லைகள் நெடுங்காலம் அழிவதில்லை. வீடு எரியலாம், இடியலாம். பக்கத்து மனைக்காரர் தம் எல்லையை ஒரு முழம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

நியூ ஆர்லியன்ஸ் இதற்குத் தெளிவான சான்று. 1718இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய அந்நகரைச் சுற்றி, மிசிசிப்பி ஆற்றில் ஒவ்வொருவருக்கும் சிறிது முகப்பும் பின்னால் சதுப்பு வரை நீண்ட ஆழமும் இருக்கும்படி, நாடாக்கள் போன்ற தோட்ட நிலங்கள் பிரிக்கப்பட்டன. நீளம் வழக்கமாக 40 ஆர்பான், ஓர் ஆர்பான் ஏறக்குறைய 58 மீட்டர். ஆறு அங்கே பிறைபோல் வளைவதால் அந்த நாடாக்கள் விசிறியாக விரிந்தன. பின்னர் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மனைகளாகப் பிரிந்தபோது தெருக்களும் அதே விசிறியின் வழியே போயின. இன்றைய தெருப்படத்தைப் பார்த்துக் குழம்புகிறவருக்கு, பழைய நிலவுடைமைப் படம் ஒரே பார்வையில் விடை தந்துவிடும்.

ஆஸ்திரியப் பேரரசின் 1817 முதல் 1861 வரையான நிலவரி அளவை 1:2,880 என்ற அளவையில் அமைந்தது. நிலத்தில் 40 கிளாஃப்டர் (72 அங்குலம் கொண்ட பழைய ஆஸ்திரிய நீள அலகு), தாளில் ஓர் அங்குலம் என்பதால் வந்த எண் அது. கற்கட்டடங்கள் சிவப்பிலும் மரக்கட்டடங்கள் மஞ்சளிலும் தீட்டப்பட்டதால், நகரின் பழைய மையம் எங்கே, புதிய விரிவு எங்கே என்று ஊகிக்கவும் வழியுண்டு. வியன்னாவில் 1870 முதல் 1875 வரை டான்யூப் ஆற்றுக்குப் புதிய நேர்ப்படுகை வெட்டப்படுவதற்கு முன், பல கிளைகளாகப் பிரிந்து திரிந்த ஆற்றுக்கும் மனைகளுக்கும் இடையே இருந்த உறவை அறிய இது உதவுகிறது.

செலவுகளும் இங்கேதான் மிகுதி. நகரம் ஒன்றுக்குப் பல தாள்கள் இருக்கும். ஒவ்வொரு மனைக்கும் எண் மட்டுமே படத்தில் இருக்க, உரிமையாளரும் பயன்பாடும் தனிப் பதிவேட்டில் இருக்கும். பதிவேடு பழைய கையெழுத்தில் இருக்கும். அதைவிடப் பெரிய பொறி, ஆற்றின் கோடு. வரி விதிக்க முடியாத நீர்ப்பரப்பு, நம் வழக்கில் சொன்னால் புறம்போக்கு, மனைகளை அளந்து முடித்த பிறகு மீதமாக விழுந்த இடம். ஆகவே அங்கே கரையாகத் தெரிவது உரிமை முடியும் எல்லை, நீர் தொடங்கும் எல்லை அன்று. ஆறு புதிதாக மண் சேர்த்த நிலம் யாருக்கு என்ற கேள்வி எழும்போது இந்த வேறுபாடு பணமாகிறது. நியூ ஆர்லியன்சில் ஆற்றோர வண்டல் நிலத்துக்கு எட்வர்ட் லிவிங்ஸ்டன் உரிமை கோரியதும், அவரை அங்கிருந்து வெளியேற்றியதற்காக முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் மீதே வழக்குத் தொடுத்ததும் இத்தகைய மண்ணுக்காகத்தான். வழக்குக்காக வரைந்த படம் கையில் கிடைத்தால், வரையச் சொன்னவர் எந்தத் தரப்பு என்று அறியும் வரை கரைக்கோட்டை நம்பக் கூடாது.

## இடவிளக்கத் தாள்கள்

டோப்போ ஷீட் என்று வழங்கும் இத்தாள்களின் தனிச்சிறப்பு, அவை மீண்டும் மீண்டும் அளக்கப்படுவது. பிரிட்டனின் ஆர்டினன்ஸ் சர்வே 1791இலும் இந்திய நில அளவைத் துறை 1767இலும் தொடங்கின. ஒரே நிறுவனம், ஒரே குறிகள், இடைவெளி விட்டு வரும் பதிப்புகள் என்பதால் வேறுபாட்டைக் கணக்கிட இவையே ஏற்றவை.

சமஉயரக் கோடுகள் இவற்றின் இன்னொரு வரம். வெள்ளந்தோறும் கரையோரத்தில் பருமணல் படிந்து ஆற்றின் இருபுறமும் மேடு உருவாகும். அதற்கு அப்பால் தாழ்ந்த சதுப்பு இருக்கும். பழைய குடியிருப்பு பெரும்பாலும் அந்த மேட்டில்தான் இருக்கும், சதுப்புக்கு நகரம் பிறகுதான் இறங்கும். 2005இல் கத்ரினா புயலால் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, ஆற்றோர மேட்டில் இருந்த பழைய பிரெஞ்சுக் குடியிருப்பு பெரும்பாலும் தப்பியது. நகரம் ஏன் இந்த வடிவில் வளர்ந்தது என்று கேட்பவர் உயரத்தைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது.

குறை என்னவென்றால், திருத்திய பதிப்பு என்று அச்சிட்டிருந்தாலும் எல்லாம் திருத்தப்பட்டிருக்காது. புதிய சாலையும் ரயில் பாதையும் சேர்ந்திருக்கும், ஆறு முந்தைய பதிப்பில் இருந்தபடியே கிடக்கும். இரண்டு பதிப்புகளிலும் ஆற்றின் நெளிவுகள் மயிரிழை பிசகாமல் ஒன்றியிருந்தால், ஆறு அசையவில்லை என்பதைவிட யாரும் மறுபடி அளக்கவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

## ஆற்றுப் படங்கள்

1767இல் வங்காளத்தின் தலைமை அளவையாளராக நியமிக்கப்பட்ட ஜேம்ஸ் ரென்னல் படகுப் போக்குவரத்துக்காக அளந்து 1779இல் தொகுத்து வெளியிட்ட படங்களில், பிரம்மபுத்திரா இன்றைய வங்காளதேசத்தில் உள்ள மதுபூர் மேட்டுக்குக் கிழக்கே ஓடுகிறது. இன்றோ அதன் பெரும்பகுதி நீர் மேட்டுக்கு மேற்கே யமுனா என்ற பெயரில் ஓடுகிறது. 1787 வெள்ளத்தில் தீஸ்தா ஆறு தடம் மாறிப் பிரம்மபுத்திராவில் விழுந்ததை ஒட்டி, அடுத்த சில பத்தாண்டுகளில் இந்த மாற்றம் நிகழ்ந்தது. மைமன்சிங் நகரம் இன்று பழைய பிரம்மபுத்திரா என்று அழைக்கப்படும் மெலிந்த கிளையின் கரையில் இருப்பதைப் பார்த்து, இவ்வளவு சிறிய ஆற்றுக்கு இவ்வளவு பெரிய நகரமா என்று கேட்பவருக்கு ரென்னலின் படத்தைத் தவிர வேறு எந்த வகைப் படமும் இவ்வளவு நேரடியாக விடை தராது.

ஆனால் அப்படங்களில் நகரம் ஒரு பெயரும் சிறு குறியும்தான். தெருவைத் தேடுகிறவர் ஏமாந்து திரும்புவார். துறை ஏன் இடம்பெயர்ந்தது, படகு எங்கே அணைந்தது, எந்தக் கரையில் ஆழம் என்ற கேள்விகளுக்கு மட்டும் இவற்றை எடுக்க வேண்டும்.

மிசிசிப்பியின் பழைய தடங்களை வண்ண நாடாக்களாக ஹரால்ட் ஃபிஸ்க் 1944இல் தீட்டிய படங்கள் இணையத்தில் மிகவும் பரவியவை. அவற்றில் அண்மைக் காலத் தடங்கள் அளவைகளிலிருந்து எடுத்தவை. மிகப் பழைய தடங்களோ வான்படங்களையும் மண்துளைச் சான்றுகளையும் கொண்டு ஊகித்தவை. இரண்டும் ஒரே துல்லியத்தோடு தீட்டப்பட்டிருப்பதால், அவற்றைச் சான்றாக அல்லாமல் ஓர் ஆய்வாளரின் வாதமாகப் படிப்பதே முறை.

## காப்பீட்டுப் படங்கள்

அமெரிக்க நகரங்களைத் தேடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. 1867இல் தொடங்கிய சான்பார்ன் நிறுவனம் தீக்காப்பீட்டுக்காக 50 அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவையில் வரைந்த படங்களில் ஆற்றோர ஆலைகளும் கிடங்குகளும் சுவரின் பொருள் வரை பதிவாகியிருக்கின்றன. செங்கல் இளஞ்சிவப்பு, மரம் மஞ்சள். கறுப்பு வெள்ளை நுண்படச் சுருளிலிருந்து எடுத்த படியில் இந்த விவரம் முழுவதும் போய்விடும். மாற்றங்களைச் சிறு தாள்களில் அச்சிட்டுப் பழைய தாளின்மேல் ஒட்டினார்கள் என்பதால், ஒரே பக்கத்தில் பல ஆண்டுகள் கலந்திருக்கும்.

## எல்லா வகைக்கும் பொதுவான செலவு

பழைய படத்தை இன்றைய ஆயத்தொலைவுகளில் பொருத்தக் கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருள் போதும். பணம் செலவில்லை, பொறுமைதான் செலவு. கோபுரம், மதில் மூலை, பாலத்தின் கரைத்தூண் போன்ற அசையாதவற்றைப் பொருத்துப்புள்ளிகளாகக் கொள்ள வேண்டும். நான் முதன்முறை முயன்றபோது ஆற்றின் கரையிலேயே பாதிப் புள்ளிகளை வைத்துவிட்டு, ஆறு நகரவே இல்லை என்று கண்டுபிடித்து இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன்.

மென்பொருளில் முதலில் எளிய நேரியல் மாற்றத்தைப் பயன்படுத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு பிழை எஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். படத்தை ரப்பர்போல் இழுத்துப் பொருத்தும் மாற்றத்தில் பிழை பூச்சியம் என்று காட்டும். பிழை போய்விடவில்லை, புள்ளிகளுக்கு இடையே ஒளிந்துகொண்டது. எஞ்சும் பிழை 40 மீட்டர் என்றால் 30 மீட்டர் கரை நகர்வைப் பற்றி எதுவும் எழுத இயலாது. தாள் ஈரம் காயும்போது ஒரு திசையில் அதிகமாகவும் மறுதிசையில் குறைவாகவும் சுருங்கும் என்பதையும், பழைய பிரெஞ்சுப் படங்களின் தீர்க்கரேகை கிரீன்விச்சுக்கு 2 பாகைக்கு மேல் கிழக்கே இருக்கும் பாரிசிலிருந்து எண்ணப்பட்டிருக்கலாம் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

## எந்தக் கேள்விக்கு எதில் தொடங்குவது

தெருக்கள் ஏன் இப்படி வளைகின்றன, எந்தப் பகுதி முதலில் எழுந்தது என்பது கேள்வியானால் நிலவரிப் படத்தில் தொடங்கி, இடவிளக்கத் தாளின் உயரங்களோடு ஒப்பிட வேண்டும். ஆறு நகர்ந்ததா, துறை ஏன் கைவிடப்பட்டது என்பது கேள்வியானால் ஆற்றுப் படம். நகரம் ஏன் இந்த இடத்தில் என்பதற்குப் படைத்துறைப் படமும் அதன் எழுத்துக் குறிப்பும். கரைச்சுவருக்கு முந்தைய வாழ்க்கையைத் தேடுகிறவர் அளந்த நகரப் படத்தை அடிப்படையாக வைத்து, பறவைப் பார்வைப் படத்தை விவரத்துக்கு மட்டும் துணை சேர்க்கலாம். நேரம் ஒரு வாரம்தான் என்றால், இரண்டு பதிப்பு இடவிளக்கத் தாள்களோடு நின்றுவிடுவது நல்லது. நிலவரிப் படத்தை ஒரு வாரத்தில் தொடுவது பதிவேட்டின் முதல் பக்கத்தோடு முடிந்துவிடும்.

இரண்டு வகைகளை எடுக்க முடிந்தவருக்கு ஒரு சொல். ஒரே பத்தாண்டைச் சேர்ந்த நிலவரிப் படமும் ஆற்றுப் படமும் கரையை வேறு வேறு இடத்தில் காட்டினால், எது சரி என்று தீர்ப்புச் சொல்லி ஒன்றை அழித்துவிடக் கூடாது. பொருத்தும் பிழையைக் கழித்த பின்னும் எஞ்சும் இடைவெளி, ஆண்டின் ஒரு பகுதி நீரும் மறுபகுதி நிலமுமாக இருந்த பட்டை. கிடங்கும் சந்தையும், பின்னர் கரைச்சுவரும் கரைச்சாலையும் வந்து அமர்ந்தது பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான் என்பதால், இரண்டு கோடுகளையும் வெவ்வேறு நிறத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பதிப்பைத் திறக்க வேண்டும்.